மருந்து கொடுத்தாயிற்று, வேலை செய்கிறதா? செவிலியருக்கான இலக்கு வழிகாட்டி

மருந்து அட்டையில் ஃப்யூரோசிமைடு (உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) 40 மி.கி. என்று இருக்கிறது. ஆள் சரி, மருந்து சரி, அளவு, வழி, நேரம் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து "மருந்து வேலை செய்யுதா சிஸ்டர்?" என்று கேட்டால் எதைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள்? "நல்லா இருக்காங்க டாக்டர்" என்றால் அது பதிலே இல்லை. எடை எவ்வளவு குறைந்தது, கால் வீக்கம் நேற்று முழங்கால் வரை இருந்ததா கணுக்கால் வரை இருந்ததா, மூச்சு முட்டாமல் இருக்க இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், பொட்டாசியம் எவ்வளவு, இதெல்லாம்தான் பதில்.

அந்தப் பதில் கையில் இருக்க வேண்டுமென்றால் மருந்து கொடுப்பதற்கு முன்பே அதன் இலக்கு தெரிந்திருக்க வேண்டும். பாடப்புத்தகம் "அதிகபட்சப் பலன், குறைந்தபட்சத் தீங்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடும். தப்பில்லை. ஆனால் எந்தப் பலன், எவ்வளவு, எப்போதைக்குள் என்று அந்த வரி சொல்வதில்லை, அதனால் நோயாளியின் படுக்கை ஓரத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பரீட்சையில் அதை எழுதுங்கள். வார்டில் எப்படிச் செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: இந்த மருந்து இவருக்கு எதற்கு?

மருந்தின் பெயரைப் பார்த்ததும் இலக்கு தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரே மருந்து ஒருவருக்கு ஒரு வேலையும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேறு வேலையும் செய்துகொண்டிருக்கும். ஆஸ்பிரின் 75 மி.கி. ரத்தம் உறையாமல் இருக்க, அதே ஆஸ்பிரின் 300 மி.கி.க்கு மேல் போனால் வலிக்கும் காய்ச்சலுக்கும். முதல் ஆளிடம் போய் "வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயன் இல்லை, அவரிடம் பார்க்க வேண்டியது ஈறில் ரத்தம் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வயிறு எரிகிறதா என்பது. ப்ரோப்ரனோலால் ரத்த அழுத்தத்துக்கும் உண்டு, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் உண்டு, கை நடுக்கத்துக்கும் தைராய்டு படபடப்புக்கும் உண்டு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்துதான், ஆனால் நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? வீட்டில் யாராவது கைபேசியில் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்து, "உனக்கு மனநல மருந்து கொடுத்திருக்காங்க" என்று சொல்ல, அவர் அன்றோடு நிறுத்திவிடுவார்.

பொதுவாக இலக்குகள் இப்படிப் பிரியும். நோயை வேரோடு தீர்ப்பது (கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்), தீர்க்க முடியாததைக் கட்டுக்குள் வைப்பது (ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு), உடலில் இல்லாததை ஈடுகட்டுவது (இன்சுலின், தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து), வரப்போவதைத் தடுப்பது (தடுப்பூசி, அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின்), வேதனையைத் தணிப்பது, உடல் தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிப்பது, கடைசியாக, ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மாதிரி நோயைக் கண்டுபிடிக்க உதவுவது. ஒவ்வொரு மருந்தையும் இதில் ஒரு கூடையில் போட்டுப் பாருங்கள். எந்தக் கூடையிலும் விழாத மருந்து அட்டையில் இருந்தால் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், பல நேரம் போன முறை அட்மிஷனில் தொடங்கியதை யாரும் நிறுத்தாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான் காரணமாக இருக்கும்.

தடுப்பு மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. அவை வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. கால் ரத்தக்குழாயில் உறைவு வரவில்லை என்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அதனால்தான் தடுப்பு ஹெப்பாரின் ஊசியை "இன்னிக்கு வேண்டாம் சிஸ்டர், வயிறெல்லாம் நீலமா இருக்கு" என்று நோயாளி சொன்னதும் எளிதாக விட்டுவிடுகிறோம். தடுப்பு இலக்கில் நேரம் மிக முக்கியம். அறுவைக்கு முந்தைய ஆன்டிபயாடிக் கத்தி வைப்பதற்கு முன் 60 நிமிடத்துக்குள் போயிருக்க வேண்டும் (வான்கோமைசின் மெதுவாக ஏற்ற வேண்டியது, அதற்கு 120 நிமிடம்). அறுவை முடிந்தபின் அவசரமாகப் போட்டுக் கணக்கை நேர்செய்தால் அது தடுப்பு ஆகாது.

இலக்கை எழுதுவது

ஒரு இலக்கில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எதைப் பார்ப்பது, எவ்வளவு மாற வேண்டும், எப்போதைக்குள், எந்த இடத்தில் நிறுத்துவது. "மூச்சுத்திணறல் குறைய வேண்டும்" என்பது ஆசை, அளந்து பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தீங்கு பற்றிய உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை 5 ஆண்டுகளில் 50 சதவீதம் குறைப்பது என்றுதான் எழுதியது. எவ்வளவு, எப்போதைக்குள் இரண்டும் அதில் இருந்தன. ஒரு படுக்கைக்கான இலக்கும் அந்த மாதிரி இருந்தால் போதும்.

மேலே சொன்ன ஃப்யூரோசிமைடையே எடுத்துக்கொள்வோம். இதயம் பலவீனமாகி உடலில் நீர் தேங்கிய அம்மா ஒருவர், வயது எழுபதுக்கு மேல். எதைப் பார்ப்பது? எடை. ஒரு கிலோ எடை ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், அதனால் நீர் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு எடையைவிட நல்ல கணக்கு வார்டில் கிடையாது. சிறுநீர் அளவைக் குறிக்கும் தாளில் பாதி நேரம் கழிவறையில் போனது விட்டுப்போயிருக்கும். எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும்: காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன், அதே எடை இயந்திரத்தில், ஏறக்குறைய அதே அளவு உடையில். நேற்று நைட்டியோடு, இன்று சால்வை போர்த்தி, நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பார்த்தால் அந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எவ்வளவு குறைய வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நாளுக்கு 1 கிலோ என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்தில் நிறுத்துவது? எழுந்து நின்றால் தலைசுற்றி ரத்த அழுத்தம் விழுந்தால், பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போனால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனால், அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வாய்வழி கொடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் ஓடும், ஆகவே இரண்டாவது வேளையை மாலை ஆறு மணிக்குக் கொடுத்தால் அந்த அம்மா ராத்திரி முழுக்கக் கழிவறைக்கு நடப்பார், இருட்டில் விழவும் செய்வார். காலையும் பிற்பகலும் என்று நேரத்தை மாற்றக் கேட்பது செவிலியர் செய்யக்கூடிய வேலைதான்.

எப்போது பார்ப்பது

இங்கேதான் அதிகம் பிசகுகிறது. சீக்கிரமே பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று எழுதுகிறோம், அல்லது பார்க்க வேண்டிய நேரத்தில் வேறு படுக்கையில் இருக்கிறோம்.

வலிக்கு மார்ஃபின் ஐ.வி. போட்டால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், வாய்வழி என்றால் ஒரு மணி நேரம் கழித்து. ரெகுலர் இன்சுலின் 30 நிமிடத்தில் தொடங்கி 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். வேகமாக வேலை செய்யும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் வகைகள் 15 நிமிடத்திலேயே தொடங்கிவிடும், ஆகவே உணவு கண் முன்னால் வந்த பிறகு போடுவதுதான் பாதுகாப்பு. ஆன்டிபயாடிக் தொடங்கினால் 48 முதல் 72 மணி நேரத்தில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்: காய்ச்சல் இறங்கியதா, வெள்ளணு எண்ணிக்கை குறைந்ததா, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் வந்ததா, வந்திருந்தால் இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா. கல்ச்சர் என்றதும் ஒன்று: நோயாளியின் நிலைமை அனுமதித்தால் முதல் டோஸுக்கு முன்பே ரத்தமோ சிறுநீரோ எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய் எல்லாரும் இருட்டில் தடவ வேண்டியதுதான். ஆனால் கடுமையான செப்சிஸில் (தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் நிலை) கல்ச்சர் பாட்டிலைத் தேடிக்கொண்டு மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை முழுப் பலன் தர ஐந்து நாளாவது ஆகும். அதனால்தான் உறைவு இருப்பவருக்கு ஹெப்பாரினும் சேர்ந்தே ஓடுகிறது, "ரெண்டு ரத்த மருந்து எதுக்கு, ஒண்ணை நிறுத்திடலாமா" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பது இதைத் தெரியாமல்தான். மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அந்த முதல் வாரங்களில், முக்கியமாக இளவயதினரிடம், தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று நேரடியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்ப்பது 6 முதல் 8 வாரம் கழித்து, பத்து நாளில் பார்த்துக் குழம்ப வேண்டாம். இவற்றில் சிலவற்றுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: மருந்து ரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வர அதன் அரை ஆயுளைப் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) போல 4 முதல் 5 மடங்கு காலம் ஆகும். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சினின் அரை ஆயுள் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கே ஒன்றரை முதல் இரண்டு நாள், அப்படியானால் அளவை மாற்றி ஒரு வாரம் ஆனால்தான் அது எங்கே நிலைத்தது என்று தெரியும்.

எல்லைக் கோடு

மருந்தைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை. டிகாக்சினுக்கு மார்பின் இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே செல்லாது, ஏனென்றால் இதைச் சாப்பிடுபவர்களில் பலருக்குத் துடிப்பே ஒழுங்கில்லாமல் இருக்கும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல் என்று யாராவது சொன்னால் அதை வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். ஃப்யூரோசிமைடும் சேர்ந்து ஓடினால் பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாவது எளிது. இரண்டும் சேர்ந்தே எழுதப்படும் மருந்துகள் என்பதால் இந்த ஒன்றை மறக்கவே கூடாது.

மார்ஃபினில் மூச்சு எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால் கொடுக்காமல் கூப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துப் பாதி வாக்கியத்தில் மறுபடி தூங்கிப்போகிறார் என்றால் மூச்சு 14 இருந்தாலும் அடுத்த டோஸ் போடக் கூடாது. மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் எங்கே இருக்கிறது என்று ஊசியை எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினில் சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்: விழிப்பாக, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் வேகமாகச் சேரும் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. ஆனால் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு "சாப்பிடலை, அதனால் போடலை" என்று அடிப்படை இன்சுலினை (சாப்பாட்டுக்காக இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்வது) நீங்களாக விட்டுவிடாதீர்கள், அது கீட்டோஅசிடோசிஸில் (ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) கொண்டுபோய் விடும். பீட்டா பிளாக்கர் (ப்ரோப்ரனோலால் வகை மருந்து) சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு வராமல் போகலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ரத்தத்தில் அளவு பார்க்கும் மருந்துகளில் ரத்தம் எடுத்த நேரம் தெரியாவிட்டால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை. லித்தியம் கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து, டிகாக்சின் குறைந்தது 6 மணி நேரம் கழித்து. லித்தியத்துக்கு 0.6 முதல் 1.2 வரை சரி, 1.5 தாண்டினால் அபாயம், இடைவெளி அவ்வளவு குறுகல். வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு) பெரும்பாலோருக்கு 2 முதல் 3. இதயத்தில் மெக்கானிக்கல் வகை செயற்கை மைட்ரல் வால்வு வைத்தவருக்கு 2.5 முதல் 3.5 வரை கேட்பார்கள். பக்கத்துப் படுக்கையின் எண்ணை வைத்து இவரை அளக்காதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரைக்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஒரு எண்ணை நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு மேல் எண் 100 இருந்தால் தலைசுற்றும், இதயம் பலவீனமான இன்னொருவர் 95-இல் நன்றாக நடமாடுவார், அவருக்கு மாத்திரையை நிறுத்தினால்தான் பிரச்சினை. "எதற்குக் கீழே போனால் நிறுத்தட்டும் டாக்டர்?" என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

நோயாளிக்கும் ஒரு இலக்கு உண்டு

நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை, வசதியான நாடுகளிலேயே, சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. காரணம் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கேட்டுப் பார்த்தால் வேறு கதை வரும்.

"அம்மா, வீட்ல இந்த நீர் மாத்திரையை தினம் போடுவீங்களா?"

"போடுவேம்மா. வெளிய போற நாள்ல மட்டும் போட மாட்டேன்."

"வாரத்துல எத்தனை நாள் வெளிய போவீங்க?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

பஸ்ஸில் அடக்க முடியவில்லை, அதுதான் விஷயம். அவருக்கு "தவறாமல் சாப்பிடுங்கள்" என்று அறிவுரை சொல்லிப் பலனில்லை. வெளியே போகும் நாளில் திரும்பி வந்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னால் போதும், மாத்திரை உள்ளே போகும். அப்புறம், சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

வலியிலும் இப்படித்தான். பத்துக்கு எட்டு இருந்தது மூன்றாகக் குறைந்தது என்று எழுதுகிறோம், சரி, ஆனால் வயிற்றில் அறுவை முடிந்தவர் ஆழ்ந்து மூச்சு இழுக்கவும் இருமவும் எழுந்து நாலு அடி நடக்கவும் முடிகிறதா? முடியவில்லை என்றால் படுத்த நிலையில் மூன்று என்று சொல்வதில் என்ன இருக்கிறது. அசையும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

எட்டவில்லை என்றால்

உடனே அளவைக் கூட்டச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். முதலில் மருந்து உள்ளே போனதா என்று பாருங்கள். ஐ.வி. போட்ட இடம் வீங்கிக் குளிர்ந்திருந்தால் மருந்து தோலுக்கடியில்தான் கிடக்கிறது. மாத்திரை தலையணைக்கடியில் இருக்கலாம், கொடுத்த பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்திருக்கலாம். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை மூக்குக் குழாய்க்காகப் பொடி செய்திருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கி, அப்புறம் ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்போ சேர்த்துக் கொடுத்தால் அது உடலில் சேராது, இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகும் பலன் இல்லையென்றால் அப்போது கூப்பிடுங்கள், நிலைமை, பின்னணி, நீங்கள் பார்த்தது, உங்களுக்கு வேண்டியது என்ற வரிசையில்:

"டாக்டர், 12-ஆம் படுக்கை அம்மா. இதயச் செயலிழப்புக்கு ஃப்யூரோசிமைடு 40 காலையும் மதியமும் ரெண்டு நாளா போகுது. எடை 62.4, நேத்தும் அதேதான். மாத்திரையை என் முன்னாலதான் விழுங்குறாங்க. வீக்கம் இன்னும் முழங்கால் வரைக்கும் இருக்கு, பி.பி. 118, பொட்டாசியம் 3.9. ஐ.வி.க்கு மாத்தலாமா?"

இப்படிச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிவு வரும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் அது புது நோயா, ஏற்கெனவே ஓடும் மருந்தா? ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்கியபின் கணுக்கால் வீங்கும், அந்த வீக்கத்துக்கு ஃப்யூரோசிமைடு எழுதுவார்கள், அதனால் பொட்டாசியம் குறையும், அதற்கு ஒரு பொட்டாசியம் சிரப். மூன்று மருந்தில் இரண்டு, முதல் மருந்தைச் சமாளிப்பதற்காக. ராமிப்ரில், எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளில் வரும் வறட்டு இருமலுக்கு இருமல் மருந்து குடித்துக்கொண்டிருப்பவர்களும் ஏராளம். இவற்றை முதலில் கவனிக்க வாய்ப்பிருப்பது நாள் முழுக்கக் கூடவே இருக்கும் செவிலியருக்குத்தான்.

எட்டிவிட்டால்

நிறுத்த வேண்டியதை நிறுத்தச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததே. ஆன்டிபயாடிக்குக்கு முடியும் தேதி அட்டையில் இருக்க வேண்டும். வாயால் சாப்பிட ஆரம்பித்துக் காய்ச்சலும் இறங்கியவருக்கு ஐ.வி.யை மாத்திரையாக மாற்றலாமா என்று கேளுங்கள், ஊசி போட்ட இடத்துத் தொற்றாவது தவிரும். இலக்கே மாறுவதும் உண்டு: நீரிழிவில் எச்.பி.ஏ.1.சி. (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) பெரும்பாலான பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே என்றால், பல நோய்களோடு தளர்ந்துபோன முதியவருக்கு 8 வரை விட்டுக்கொடுப்பார்கள், ஏனென்றால் அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. கடைசிக் காலத்தில் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டாக வேண்டும். அவருக்கு இப்போது வேண்டியது வலியில்லாமல் தூங்குவதும், மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு மலமிளக்கியும்.

குறிப்பு எழுதும்போது

"மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி நலம்" என்ற வரி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. இப்படி எழுதுங்கள்: "10.00 மணி, அசையும்போது வலி 8/10, மூச்சு 18, விழிப்பு. மார்ஃபின் 2 மி.கி. ஐ.வி. மெதுவாக. 10.20 மணி, வலி 4/10, மூச்சு 16, கூப்பிட்டால் உடனே விழிக்கிறார், எழுந்து உட்கார்ந்து இருமினார். குமட்டல் இல்லை." அடுத்த ஷிப்டில் வருபவர் இதைப் படித்தால் அடுத்த டோஸ் தேவையா, எவ்வளவு, எதைக் கவனிக்க வேண்டும் என்று உங்களைக் கைபேசியில் தேடாமலே தெரிந்துகொள்வார்.

வார்டில் இருக்கும் எல்லா மருந்துக்கும் ஒரே நாளில் இப்படிச் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். இன்சுலின், ஹெப்பாரினும் வார்ஃபரினும், மார்ஃபின் வகைகள், ஐ.வி. பொட்டாசியம், டிகாக்சின், இவற்றிலிருந்து தொடங்குங்கள், பிசகினால் ஆளையே கொண்டுபோவது இவைதான். ஹேண்டோவர் கொடுக்கும்போது மருந்தின் பெயரோடு நிறுத்தாமல், "இதை இந்தக் காரணத்துக்குக் கொடுக்கிறோம், இத்தனை மணிக்கு இதைப் பாருங்க, இதுக்குக் கீழே போனா கூப்பிடுங்க" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்.